பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதலில் உங்கள் கார்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

படிக்கவோ வேலைக்கோ இங்கே வந்து, கணக்குத் திறந்து, கார்டு கைக்கு வந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்லைன்ல வாங்கினேன், ஓடிபியே வரல, பணம் போயிடுச்சு, இது சரிதானா?" என்பது. சரிதான். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2009-லேயே ஆன்லைன் கார்டுப் பணத்துக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டது, அதனால் ஓடிபி வராமல் பணம் போனாலே நமக்குத் திருட்டு என்றுதான் தோன்றும். பிரிட்டனிலும் அதே மாதிரி விதி உண்டு, ஆன்லைன் வாங்கல்களுக்கு 2022 மார்ச் 14 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒன்று (கடவுச்சொல்), உங்கள் கையில் இருக்கும் ஒன்று (போன்), உங்கள் உடம்போடு இருக்கும் ஒன்று (முகம், கைரேகை) ஆகிய மூன்றில் இரண்டை வங்கி கேட்க வேண்டும். ஆனால் சின்னத் தொகை, ஆபத்துக் குறைவான வாங்கல் என்றால் கேட்காமல் விடவும் அனுமதி இருக்கிறது. எந்தக் கடை, எவ்வளவு தொகை, வழக்கமான போன்தானா என்று திரைக்குப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் வங்கி ஆப்பில் "இது நீங்கள்தானா?" என்று கேட்கும். அப்படிக் கேட்கும்போது கடைப் பெயரையும் தொகையையும் படித்துவிட்டு அழுத்துங்கள். பழக்கதோஷத்தில் அழுத்தினால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் வீண்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கார்டுக்குப் போட்ட பூட்டு இப்போது நன்றாகவே இருக்கிறது. அதனால் திருடன் பூட்டை உடைப்பதில்லை, கதவை உங்களையே திறக்க வைக்கிறான். எது இங்கே வழக்கம், எது இல்லை என்று தெரியாத புது ஆள்தான் அவனுக்கு வசதி.

பழைய கார்டுகளில் பின்பக்கத்துக் காந்தப்பட்டையில் இருக்கும் தகவல் எப்போதும் ஒன்றுதான், ஒரு தடவை நகலெடுத்தால் போலி கார்டு தயார். சிப் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீட்டைப் புதிதாக உருவாக்குகிறது, அதை உருவாக்கும் ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. 2006 பிப்ரவரி 14-லிருந்து இங்கே கடைகளில் கையெழுத்துக்குப் பதிலாகப் பின் நம்பர் வந்தது. கடையில் போலி கார்டைக் காட்டும் வித்தை அதோடு அடங்கிப்போய், மோசடி ஆன்லைன் பக்கம் நகர்ந்தது. ஆன்லைனிலும் சரிபார்ப்பு வந்த பிறகு, நேராக மனிதர்களிடம் வந்துவிட்டது.

கார்டைத் தொட்டுச் செலுத்துவதற்கு 2021 அக்டோபரில் 100 பவுண்டு வரை என்று உயர்த்தினார்கள். உங்கள் வங்கி எவ்வளவு வைத்திருக்கிறது என்று ஆப்பில் பாருங்கள், பல வங்கிகளில் நீங்களே குறைத்துக்கொள்ளலாம். கார்டு காணவில்லையென்றால் அதே ஆப்பில் உடனே முடக்கலாம், சோபா இடுக்கில் கிடைத்தால் திரும்பத் திறக்கலாம்.

போனில் கார்டைச் சேர்த்துப் பயன்படுத்துவது (ஆப்பிள் பே, கூகுள் பே) கார்டையே நீட்டுவதைவிடப் பாதுகாப்பு என்பது என் கருத்து. கடைக்கு உங்கள் உண்மையான கார்டு எண் போகாது, அந்தப் போனுக்கென்று கொடுத்த மாற்று எண்தான் போகும். ஆனால் மோசடிக்காரர்களுக்கும் இந்த வசதிதான் பிடித்திருக்கிறது. எப்படி என்று கவனமாகப் படியுங்கள். "உங்கள் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை, மறுபடி கொண்டுவர 1.45 பவுண்டு கட்டுங்கள்" என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். புதிதாக வந்தவர் வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் வாங்கிக்கொண்டிருப்பார், ஏதோ ஒரு பார்சல் நிஜமாகவே வரவேண்டியிருக்கும், அதனால் நம்பிவிடுவார். லிங்க்கைத் தொட்டுக் கார்டு விவரம் கொடுத்ததும் ஒரு ஓடிபி வரும், அதையும் போடுவார். அந்த ஓடிபி 1.45 பவுண்டுக்கானது இல்லை. உங்கள் கார்டைத் திருடனுடைய போனில் சேர்ப்பதற்கானது! அதற்குப் பிறகு அவன் தன் முகத்தைக் காட்டியே உங்கள் பணத்தில் கடை கடையாக வாங்கலாம், உங்கள் கார்டு உங்கள் பர்ஸில் பத்திரமாக இருக்கும்போதே. ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸில் அது எதற்கானது என்று எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், முழு வரியையும் படியுங்கள். அந்த மாதிரி எஸ்எம்எஸ்களை 7726 என்ற எண்ணுக்கு இலவசமாக அனுப்பிவிடலாம்.

அப்புறம் போன் அழைப்புகள். வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கில் மோசடி நடக்கிறது, பணத்தைப் "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்றுங்கள் என்பார்கள். எந்த வங்கியும் அப்படிச் சொல்லாது. ஹோம் ஆபீஸ் (விசாவைக் கவனிக்கும் பிரிட்டன் அரசுத் துறை) என்று சொல்லி, விசாவில் சிக்கல், உடனே அபராதம் கட்டுங்கள் என்றும் வரும்; விசா என்றதும் நமக்குக் கை நடுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும், ஆகவே அதை நம்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு 159-ஐ அழையுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண்ணே நேராக இணைத்துவிடும். துண்டிப்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியாமல் கார்டிலிருந்து பணம் போனால், வங்கியிடம் சொன்ன அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பொதுவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம், அதிகபட்சம் 35 பவுண்டு உங்கள் தலையில் விழலாம். 13 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும், ஆனால் பார்த்த அன்றே சொல்லிவிடுங்கள். பெரும் அலட்சியம் உங்கள் பக்கம் இருந்தால் தராமல் போகவும் கூடும், பின் நம்பரைக் கார்டோடு எழுதி வைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருள் வாங்கி, விற்றவர் ஏமாற்றிவிட்டால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம்.

ஏமாந்து நீங்களே அனுப்பிய பணத்துக்கு விதி வேறு. 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டன் கணக்கிலிருந்து பிரிட்டன் கணக்குக்கு அனுப்பியதென்றால் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பியது இதில் சேராது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். இங்கே வந்தபின் அனுப்பும்போது, கணக்கு எண்ணோடு பெயர் பொருந்தவில்லை என்று ஆப் எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. "உன் கணக்குக்குப் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று யாராவது கேட்டால், அது நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள். கார்டு மோசடியில் எடுத்த பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. மாட்டினால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் பதிவில் உங்கள் பெயர் 6 ஆண்டுகள் வரை இருக்கலாம், கணக்கு மூடப்படும், வேறு வங்கியில் திறப்பதும் போன் காண்ட்ராக்ட் வாங்குவதும் பெரும்பாடு. இப்படித் திருட்டுப் பணத்தைக் கைமாற்றிவிடுவது பணச்சலவை, அதற்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. அப்பா அம்மா கடன் வாங்கி அனுப்பிய பிள்ளைகள் நூறு இருநூறு பவுண்டுக்காக இதில் விழுவதை நினைத்தாலே வயிறு எரிகிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கையும் கார்டையும் யாருக்கும் விற்றுவிட்டுப் போகாதீர்கள், மூடிவிட்டுப் போங்கள்.

வீடு மாறும்போது வங்கியில் முகவரியை அன்றே மாற்றுங்கள். பல இணையக் கடைகள் வீட்டு எண்ணையும் போஸ்ட்கோடையும் வங்கிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் நல்ல கார்டே நிராகரிக்கப்படும். அதைவிட முக்கியம், புதுக் கார்டு பழைய வீட்டுக்குப் போய்விடும். நாலைந்து பேர் பகிர்ந்து இருக்கும் வீட்டில், வாசல் கதவின் உட்பக்கம் குவிந்துகிடக்கும் கடிதங்களை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். போன் எண்ணையும் இதேபோல மாற்றிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதென்று மாதம் ஒரு சிம் மாற்றினால், ஓடிபி நீங்கள் தூக்கிப்போட்ட எண்ணுக்குப் போகும். இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்கள் அந்த இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்து, ரோமிங்கைத் திறந்து, உயிரோடு வைத்திருங்கள். கிளம்பும் முன்பே அந்த வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு ஒரு வரம்பும் போட்டுவிடுங்கள்.