டிரைனேஜ் அடைப்புக்கு ஜெட் அடிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மொத தடவை நானே ஜெட் அடிச்ச (அதாவது ஹை பிரஷர் தண்ணியை ஹோஸ் வழியா பைப்புக்குள்ள விட்டு அடைப்பு எடுத்த) கதையை சொல்லிடறேன். கிச்சன் சிங்க்ல தண்ணி இறங்கல. வண்டி கழுவ வச்சிருந்த பிரஷர் வாஷர் சும்மாதான் கிடந்துச்சு, அதுக்குன்னு டிரைன் ஹோஸ் ஒண்ணு தனியா வாங்கி மாட்டி, சிங்குக்கு கீழ இருக்கிற பைப்பைக் கழட்டிட்டு உள்ள விட்டு ட்ரிகரை அழுத்தினேன். ஒரு அரை நிமிஷம் எல்லாம் சூப்பராதான் போச்சு. அப்புறம் பாத்ரூம்ல இருந்து ஒரு கத்தல். ஓடிப்போய் பாத்தா தரை டிராப்போட (சாக்கடை வாயு மேல வராம தண்ணி தேங்கி நிக்கிற பகுதி) ஜாலி மூடி மேல தூக்கிட்டு கிடக்கு, அதுவழியா கருப்பா கொப்பளிச்சு வருது, செவுத்துல முழங்கால் உயரத்துக்கு தெறிச்சிருக்கு. அன்னைக்கு சாயந்திரம் பூரா பைப்பைக் கழுவல, பாத்ரூமைத்தான் கழுவினேன்.

மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல. அடைப்பு நான் நெனச்ச இடத்துல இல்லாம அதுக்கும் தாண்டி, சிங்க் லைனும் பாத்ரூம் லைனும் சேர்ற இடத்துக்கு அப்புறம் இருந்துச்சு. நான் உள்ள அனுப்பின தண்ணிக்கு முன்னாடி போக வழியில்ல, அது பாட்டுக்கு கிடைச்ச ஓட்டை வழியா வெளிய வந்துடுச்சு. அதனால இப்பல்லாம் மிஷினைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான், உள்ள விடுற தண்ணி எந்தப் பக்கம் வெளிய வரும்? ஜெட் அடிக்கிறதுல நடக்குற முக்கால்வாசி கூத்து இதைக் கேக்காம விட்டதாலதான் நடக்குது.

சரி, ஹோஸ் நுனியில இருக்கிற நாசிலை ஒரு தடவை கையில எடுத்து நல்லா பாருங்க (மிஷின் ஆஃப்ல இருக்கும்போது!). சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளையோ ஸ்டீலோ இருக்கும். முன்னாடி ஒரு ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனா பின்பக்கமா சாய்வா மூணு நாலு ஓட்டை கண்டிப்பா இருக்கும். நிறைய பேரு தண்ணி முன்னாடி பாஞ்சு அடைப்பைத் தள்ளும்னுதான் நெனக்கிறாங்க. இல்லைங்க. பெரும்பாலான தண்ணி பின்பக்கமாதான் பீச்சும், அந்த உந்துதல்லதான் நாசில் ஹோஸையும் இழுத்துக்கிட்டு தானா முன்னாடி போகும், பைப் சுவத்துல ஒட்டியிருக்கிறதை சுரண்டி பின்னாடி தள்ளுறதும் அதே தண்ணிதான். அப்போ வீட்டுக்குள்ள இருந்து வெளிய பாத்து ஹோஸை விட்டா, பின்னாடி பீச்சுற தண்ணி எங்க வரும்? வீட்டுக்குள்ளதான். எனக்கு நடந்தது அதேதான்.

அதனால முடிஞ்ச வரைக்கும் கீழ இருந்து மேல போகணும். வெளிய இருக்கிற சேம்பரை (பைப்பைத் திறந்து பாக்க மூடி போட்டு கட்டியிருக்கிற தொட்டி) திறந்து, அங்கிருந்து வீட்டைப் பாத்து ஹோஸை விட்டா, கழுவின கசடு எல்லாம் வாட்டத்தோட சேம்பருக்கே திரும்பி வந்துடும், நம்ம கண்ணு முன்னாடி.

எந்த சேம்பர்னு கண்டுபிடிக்கிறதுதான் அடுத்த விஷயம், இதைப் பண்ணாம நேரா மிஷினை ஸ்டார்ட் பண்றது ரெண்டாவது பெரிய தப்பு. ஒரே ஒரு சிங்க் மட்டும் நிக்குது, மத்ததெல்லாம் நல்லா போகுதுன்னா அடைப்பு அந்த சிங்க் பக்கத்துலயே எங்கயோ இருக்கு, அதுக்கு ஜெட்டே தேவைப்படாது, டிராப்பைக் கழட்டி கழுவினாலே பாதி நேரம் சரியாயிடும். டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா பாத்ரூம் தரையில களகளன்னு சத்தம் வருது, இல்ல தண்ணி மேல வருதுன்னா மெயின் லைன்ல பிரச்சனை. வெளிய வந்து சேம்பர் மூடி ஒவ்வொண்ணா திறங்க. ஒண்ணு ரொம்பி நிக்குது, அதுக்கு அடுத்தது காஞ்சு கிடக்குதுன்னா ரெண்டுக்கும் நடுவுலதான் அடைப்பு, காஞ்ச பக்கத்துல இருந்து மேல பாத்து ஹோஸை விடுங்க. எல்லா சேம்பரும் ரொம்பி நிக்குதா? அப்போ மிஷினை உள்ள வச்சிடுங்க. ஒண்ணு செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கு, இல்ல வீட்டுக்கு வெளிய தெரு லைன்ல கோளாறு. நீங்க எவ்ளோ தண்ணி அடிச்சாலும் இருக்கிற தண்ணியோட இன்னும் கொஞ்சம் சேர்ப்பீங்க, அவ்ளோதான்.

காஞ்ச சேம்பர்ல இருந்து அடிக்கும்போது இன்னொண்ணு, அடைப்பு விட்ட உடனே மேல தேங்கி நின்ன அத்தனையும் ஒரே மூச்சுல பாஞ்சு வரும். பைப் வாய்க்கு நேரா மூஞ்சியை வச்சு எட்டிப் பாத்துட்டு நிக்காதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க. அதே மாதிரி சேம்பர்ல இருந்து கீழ போற பைப் வாயில ஒரு கம்பி வலையோ பல்லு வச்ச வாரியோ வச்சு, வர்ற கெட்டிக் கசடை எடுத்துடணும். இதை விட்டுட்டு இங்க சுத்தமாயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டா, அதே கசடு பத்தடி தள்ளிப் போய் அடுத்த வளைவுல உக்காந்துக்கும்.

இப்ப மிஷின். பார் (பிரஷரோட அளவு) நம்பரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஒரு பார்னா சுமார் 14.5 பிஎஸ்ஐ, வீட்டு வாஷர் பெரும்பாலும் 100ல இருந்து 150 பார் வரைக்கும் தரும், கேக்க பெருசா இருக்கும். ஆனா தண்ணி நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர்தான். பிரஷர் வெட்டி விடும், வெட்டினதை அடிச்சுட்டுப் போறது தண்ணியோட அளவு. சிங்க் லைன், வாஷ்பேசின் லைன் மாதிரி சின்ன பைப்புக்கு வீட்டு மிஷின் தாங்கும். நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் மெயின் லைன்ல அந்த ஏழு லிட்டர் பைப் அடியில ஒரு ஓரமா ஓடும், அவ்ளோதான். அடைப்புல ஒரு பொந்து விழும், தண்ணி இறங்கும், நம்மளும் கையைத் தட்டிட்டு வந்துடுவோம், ரெண்டு வாரத்துல பழையபடி நிக்கும். போதாக்குறைக்கு மெலிசான ஹோஸ் நீளமாக ஆக பிரஷரும் உள்ளயே உராய்வுல கரைஞ்சுடும், 30 மீட்டர் ஹோஸ் வாங்கிட்டா 30 மீட்டரும் சுத்தமாகும்னு இல்ல. மெயின் லைனுக்கு பெரிய ஜெட்டிங் மிஷின் வச்சிருக்கிறவங்களைக் கூப்பிடுறதுதான் சரி, இதுல வீராப்பு வேணாம். ஆங், ஹோஸ்ல எழுதியிருக்கிற பிரஷர் மிஷினோட பிரஷரை விடக் கம்மியா இருந்தா அந்த ஹோஸை மாட்டவே மாட்டாதீங்க.

அடிக்கிற விதத்துலயும் ஒரு அவசரம் இருக்கு. ஹோஸ் சரசரன்னு உள்ள போறப்ப வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும், உண்மையில நல்லா கழுவுறது வெளிய இழுக்கும்போதுதான். மெதுவா, ஒரு ஜாண் இழுத்து கொஞ்சம் நிறுத்தி, திரும்ப ஒரு ஜாண். எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகி சோப்பு மாதிரி வெள்ளையா பைப் சுவத்துல அப்பியிருக்கும், அது ஒரே ஓட்டத்துல போகாது, மூணு நாலு தடவை போய் வரணும். சேம்பர்ல வர்ற தண்ணியைப் பாத்துக்கிட்டே இருங்க, மொதல்ல கருப்பா வரும், அப்புறம் வெள்ளைக் கட்டி கட்டியா வரும், கடைசியா வெறும் தண்ணி. அந்த வெள்ளைக் கட்டி நிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திட்டா பாதி வேலைதான் ஆகியிருக்கு. எங்கயாவது நாசில் முட்டி நின்னா அங்கயே பிரஷரை வச்சு நிமிஷக்கணக்கா அழுத்திட்டு நிக்காதீங்க. கொஞ்சம் பின்னாடி இழுத்து திரும்ப விடுங்க. மூணு நாலு தடவை பாத்தும் போகலைன்னா அது கசடா இருக்காது. வளைவாவோ, பைப் உடைஞ்சு உள்ள மண்ணு விழுந்ததாவோ, யாரோ போட்ட துணியாவோ இருக்கலாம்.

துணி, நாப்கின், வெட் வைப்ஸ், பசங்க போட்ட பொம்மை, இதெல்லாம் தண்ணிக்கு அசையாது. அசைஞ்சாலும் இன்னும் இறுக்கமா போய் மாட்டிக்கும். அதுக்கு ஸ்பிரிங் கம்பி விட்டு கொக்கி போட்டு இழுக்கணும். மரத்து வேரு சாதா நாசிலுக்கு வழியும் விடாது, அதுக்குன்னு இருக்கிற நாசிலோட பெரிய மிஷின் வந்தாதான் வெட்டும். வெட்டினாலும் வேரு உள்ள வந்த விரிசல் அப்படியேதான் இருக்கும், திரும்ப வளரும்.

பைப்போட வயசைப் பாக்காம அடிக்கிறது இன்னொரு ஆபத்து. ஒழுங்கா ஒட்டின நல்ல பிவிசி பைப் ஜெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப், உள்ளுக்குள்ள துருப்புடிச்சு மெலிஞ்சுபோன காஸ்ட் அயர்ன் பைப், பசையே போடாம சும்மா சொருகி விட்ட ஜாயின்ட், இதெல்லாம் வேற கதை. ஏற்கனவே விரிசல் இருக்கிற இடத்துல தண்ணி வெளிய பாஞ்சு சுத்தியிருக்கிற மண்ணை அரிச்சுடும், மேல தரை கொஞ்ச நாள் கழிச்சு இறங்கும். சேம்பர்ல செங்கல் துண்டு, மணல், ஓட்டுச் சில்லு மாதிரி வந்துச்சுன்னா உடனே நிறுத்துங்க, அது அழுக்கு இல்ல, உங்க பைப். ஒரு கேமரா விட்டுப் பாத்துட்டு அப்புறம் மத்ததை யோசிங்க.

டாய்லெட் கோப்பை வழியா ஹோஸை விடுறவங்களும் இருக்காங்க. பீங்கான் உள்வளைவுல நாசில் தட்டித் தட்டி கீறல் விழும், விரிசலும் விடலாம், தண்ணியும் மூஞ்சிலயே அடிக்கும். மெயின் லைனை அடிக்கும்போது வீட்டுக்குள்ள எல்லா டாய்லெட் மூடியையும் மூடிட்டு, தரை டிராப் மேல ஈரத்துணியை மடிச்சு போட்டு மேல வெயிட் வச்சு, ஒரு ஆளை உள்ள நிறுத்துங்க. மேல வருதுன்னு கத்தின அடுத்த நொடி ட்ரிகரை விடணும்.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. ஆசிட், காஸ்டிக் சோடா எதாவது ஊத்திட்டு பலிக்கலைன்னு உடனே ஜெட் எடுக்காதீங்க. அது அடைப்பு மேலயே அப்படியே தேங்கி நிக்கும், நீங்க அடிக்கிற தண்ணியோட சேந்து கண்ணுலயும் தோல்லயும் தெறிக்கும். கூட ப்ளீச்சிங்கும் ஊத்தியிருந்தா ஆசிட்டோட சேந்து குளோரின் வாயு வேற வரும். ஆள் கூப்பிட்டிருந்தா, என்ன ஊத்தினீங்கன்னு அவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, சும்மா வெந்நீர்தான் ஊத்தினேன்னு சொல்லி ஒருத்தர் கண்ணைக் கெடுத்துடாதீங்க.

அடுத்தது கை. சுமார் 7 பார் பிரஷரே தோலைக் கிழிக்கப் போதும்னு சொல்வாங்க, நம்ம மிஷின் 100க்கு மேல. நாசில் பைப்புக்கு வெளிய இருக்கும்போது ட்ரிகரைத் தொடவே கூடாது, அது பாம்பு மாதிரி துள்ளி அடிக்கும். நாசிலை ஒரு முழத்துக்கு மேல உள்ள விட்டுட்டுதான் தண்ணி திறக்கணும். நான் ஹோஸ்ல நாசிலுக்கு ஒரு மீட்டர் முன்னாடி சிவப்பு டேப்பை நாலு சுத்து சுத்தி வச்சிருக்கேன், வெளிய இழுக்கும்போது அந்த சிவப்பு கண்ணுல பட்டதும் ட்ரிகரை விட்டுடுவேன். பெரிய பைப்ல நாசில் உள்ளயே திரும்பி நம்மளைப் பாத்தே வந்துடும், இது கதை இல்ல. அதுக்குதான் நாசிலுக்குப் பின்னாடி பைப்போட அகலத்தை விட நீளமா வளையாத ஒரு துண்டு மாட்டுவாங்க. மிஷினை ஆஃப் பண்ணாலும் ஹோஸுக்குள்ள பிரஷர் நிக்கும், ட்ரிகரை அழுத்தி அதை வெளியேத்திட்டு அப்புறம்தான் எதையும் கழட்டணும்.

தப்பித்தவறி ஜெட் தோல்ல பட்டுடுச்சுன்னா, வெளிய பாக்க குண்டூசி குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் பெருசா இருக்காது. ஏமாந்துடாதீங்க. சாக்கடைத் தண்ணி தசைக்குள்ள ஆழமா போயிருக்கும். பேண்டேஜ் ஒட்டிட்டு வேலையைப் பாக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், ஹை பிரஷர் தண்ணி உள்ள ஏறிடுச்சுன்னு அந்த வார்த்தையிலயே சொல்லுங்க. கண்ணாடி, முழங்கை வரைக்கும் கிளவுஸ், ஷூ, இதெல்லாம் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது, கால்ல ஒரு சின்ன வெட்டு இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போக வழி கிடைச்சுடும்.

சேம்பருக்குள்ளயோ செப்டிக் டேங்க்குக்குள்ளயோ ஆள் இறங்குறது பத்தி பேச்சே வேணாம். ஹோஸ் மாட்டிக்கிச்சு, நாசில் விழுந்துடுச்சு, எதுவா இருந்தாலும் சரி. அங்க இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மொதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) அளவைத் தொட்டா கொஞ்ச நேரத்துல மூக்கு அந்த வாசனையையே உணராது. நாத்தம் போயிடுச்சுன்னு நெனச்சு இறங்கினவரைக் காப்பாத்த இறங்கினவரும் சேந்து போறது இப்படித்தான். நாசில் போனா போகுது. பெட்ரோல் மிஷினா இருந்தா அதையும் வீட்டுக்குள்ளயோ மூடின ஷெட்லயோ ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது.

செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டுல லைனைக் கழுவின கொழுப்பும் கசடும் டேங்க்குக்குள்ளதான் போகும், டேங்க் எடுத்து ரொம்ப நாளாச்சுன்னா முதல்ல டேங்க்கை எடுத்துட்டு அப்புறம் லைனை அடிங்க. குடிக்கிற தண்ணிக் குழாய்ல நேரா மிஷினை மாட்டினா, குழாய்ல பிரஷர் குறையும்போது மிஷின் பக்கத் தண்ணி பின்னாடி ஏற வாய்ப்பிருக்கு. தண்ணியைத் திரும்ப விடாத வால்வு போடுங்க, இல்ல ஒரு டிரம்ல தண்ணி பிடிச்சு அதுல இருந்து எடுங்க. டிரம் காலியாகாம மட்டும் பாத்துக்கோங்க, தண்ணி இல்லாம ஓடினா பம்ப் சீல் போயிடும்.

எல்லாம் முடிஞ்சு மறுநாள் காலையில வீடு பூரா சாக்கடை நாத்தம் அடிக்கலாம், ஐயோ திரும்ப அடைச்சுக்கிச்சான்னு பதறாதீங்க. ஜெட் ஓடும்போது டிராப்ல நிக்கிற தண்ணியையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிருக்கும், வாயு நேரா மேல வருது. ஒவ்வொரு டிராப்லயும் ஒரு மக் தண்ணி ஊத்துங்க, யாரும் யூஸ் பண்ணாத அந்த மாடி பாத்ரூமையும் சேத்துத்தான்.