கருமுட்டை வளர்ச்சி ஊசியை வீட்டில் போட்டுக்கொள்வது எப்படி?

ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் குழந்தை) சிகிச்சையில் பெரும்பாலும் மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்குவார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள். செவிலியர் செய்து காட்டும்போது எளிதாகத்தான் இருக்கும். வீட்டில் தனியாக உட்காரும்போது கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. முட்டையை வளரச் செய்யும் ஹார்மோன் மருந்தான, பொடியாக வரும் எச்.எம்.ஜி. ஊசியை வைத்து விளக்குகிறேன். அளவு மட்டும் உங்கள் மருத்துவர் எழுதியதுதான்.

1. சீட்டையும் குப்பியையும் ஒப்பிடுங்கள். குப்பி 75 யூனிட்டிலும் வரும், 150 யூனிட்டிலும் வரும். 225 என்று எழுதியிருந்தால் மூன்று 75, அல்லது ஒரு 150-உம் ஒரு 75-உம். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள யூனிட் கோடுகளுக்கும் இந்த யூனிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

2. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெரிய ஊசியால் 1 மி.லி. கரைப்பு நீரை உறிஞ்சி, குப்பியின் உள்சுவரில் வழியுமாறு மெதுவாக விடுங்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை உருட்டினால் போதும். வெள்ளைப் பொடி கண்ணெதிரே மறைந்து தண்ணீர் போலத் தெளியும். கலங்கலோ துகளோ தெரிந்தால் அதைப் போடாதீர்கள். இரண்டு மூன்று குப்பிகள் என்றால், முதல் குப்பியில் கரைத்ததையே எடுத்து அடுத்ததில் விட வேண்டும்; மொத்தத்துக்கும் அந்த 1 மி.லி.தான்.

(இந்த மருந்தைத் தொடக்கத்தில் இத்தாலியின் முதிய கன்னியாஸ்திரீகள் கொடுத்த சிறுநீரிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு இரவும் குப்பியைக் கையில் எடுக்கும்போது முகம் தெரியாத அந்தப் பெண்களை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.)

3. கரைத்த மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு, பெரிய ஊசியைக் கழற்றி மெல்லிய ஊசியைப் பொருத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஸ்பிரிட் காய்ந்த பிறகு, தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்துங்கள். மெதுவாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு உருவுங்கள். தேய்க்கக் கூடாது. இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம்.

4. ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில் முட்டை முன்கூட்டியே வெடிக்காமலிருக்க இன்னொரு ஊசி சேரும். போட்ட இடம் சிறிது சிவந்து அரிக்கலாம். சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

5. முட்டைப்பைகள் (ஒவ்வொரு முட்டையும் வளரும், ஸ்கேனில் தெரியும் சிறு நீர்ப்பைகள்) 17, 18 மி.மீ. வளர்ந்ததும், முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசி. மற்ற நாட்களில் அரை மணி நேரம் முன்பின் ஆனாலும் பெரிதில்லை. இதில் நிமிடம்கூடத் தவறக் கூடாது. முட்டை எடுப்பது இதற்கு 34 முதல் 36 மணி நேரம் கழித்து. செவ்வாய் காலை 9 மணிக்கு எடுப்பார்கள் என்றால், ஞாயிறு இரவு 9 மணிக்கு ஊசி என்று சொல்வார்கள். இரண்டு அலாரம் வையுங்கள். கணவரிடமோ அம்மாவிடமோ சொல்லி வையுங்கள். தவறிவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்ற முடியும். எந்த நாள் ஊசி விட்டுப்போனாலும் மறுநாள் நீங்களாகவே இரண்டாகப் போடாதீர்கள்.

இந்த நாட்களில் வயிறு சற்று உப்பியிருப்பது இயல்பு. ஆனால் எடை மளமளவென்று ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.