டவுன் ஹில் ஏற்றத்தில் சூடேறிய கார்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து 95 மீட்டர் உயர ஹோவிக் அருவியைப் பார்க்கக் குடும்பத்தோடு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற மலைச்சாலை ஏற்றத்தில் இன்ஜின் சூடேறித் திரும்பினோம். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ஃபேனைப் பார்த்தேன், பத்து நாள் வீண்.

அப்புறம் ஒரு காலையில், வண்டி நன்றாக ஆறியிருந்தபோது பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டரின் மேல் குழாய் சப்பிப்போய்க் கிடந்தது. வழியும் கூலன்ட் சேரும் பக்கத்து டப்பாவில் அது விளிம்பு வரை, ரேடியேட்டரிலோ பாதிதான்! ரேடியேட்டர் மூடிக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டதால், சூட்டில் வெளியே போன கூலன்ட் ஆறும்போது உள்ளே திரும்பவில்லை; அந்த வெற்றிடத்தில்தான் குழாய் சப்பியது. டப்பாவை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

பழைய மூடியில் இருந்த அதே அழுத்த எண் உள்ள புது மூடி போட்டு, ரேடியேட்டரை நிரப்பினேன். போன ஞாயிறு அருவிக்கு எதிரே பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்தோம், நிம்மதி.