சிறிய சமையலறை: முதலில் சிங்க், பிறகு அலமாரி

சிறிய சமையலறையைத் திட்டமிட உட்காரும் பலர் அலமாரிக் கதவின் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கழிவுநீர்க் குழாயின் வாய். நல்ல தண்ணீர் அழுத்தத்தில் ஓடுவதால் அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக் கொண்டுபோகலாம். கழிவுநீரோ வாட்டம் இருந்தால்தான் ஓடும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் என்று வைத்துக்கொண்டால், சிங்க்கை இரண்டு மீட்டர் தள்ளி வைக்கும்போது குழாய் 4 சென்டிமீட்டர் சரிந்து வர வேண்டும். வழியில் உள்ள கீழ் அலமாரிகளின் பின்பலகையை அதற்காக வெட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அடைப்புக்கு ஓர் இடம் உண்டாகும். ஆகவே, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால், சிங்க் பழைய குழாய்வாய்க்கு அருகிலேயே இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழே வைப்பதானால், உள்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவு உயரமான குழாயில் இடிக்குமா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சிங்க்கின் இடம் முடிவானதும் அடுப்பின் இடத்தைக் குறிக்கலாம். கழுவியதை நறுக்கி அடுப்பில் ஏற்றும் வேலை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மேடையில்தான் நடக்கிறது என்பதால், அங்கே குறைந்தது 60 சென்டிமீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். 90 கிடைத்தால் வேறு எதற்காகவும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சிங்க்கைச் சுவர் மூலையோடு ஒட்டி வைத்தால் ஒரு முழங்கை எப்போதும் சுவரில் இடிக்கும். அந்தப் பக்கம் 30 சென்டிமீட்டர் விட்டால் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கவும் இடமாகும். இரட்டைத் தொட்டி சிங்க் சிறிய அறைக்கு வீண் என்பது என் கருத்து: இரண்டில் எதிலும் பெரிய பாத்திரம் படுக்காது. ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தொட்டியே போதும்.

மேடையின் உயரத்தை அதிகம் புழங்குபவரின் முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே வைப்பது வழக்கம். ஆனால் பாத்திரம் தேய்க்கும் கை சிங்க்கின் அடியில் அல்லவா இருக்கிறது? மிக ஆழமான தொட்டியை வாங்கினால் முதுகுதான் வளையும். 20 சென்டிமீட்டர் ஆழம் தாராளம்.

இடக்குறைவு புதிய சிக்கலன்று. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’ ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ரயில் உணவுப் பெட்டியின் அடுக்களையை முன்மாதிரியாகக் கொண்டு, வேலை செய்பவர் நடக்கும் தூரத்தைக் குறைப்பதையே அவர் முதன்மையாகக் கொண்டார்.

இனி அலமாரி. சிங்க்கின் கீழே வளைகுழாய் இருப்பதால் அங்கே இழுப்பறை வேண்டாம், கதவு போதும். குழாயைக் கழற்றக் கை நுழையும் இடமும் தேவை, ஈரம் தாங்காத பொருள் எதுவும் அங்கே கூடாது. மற்ற கீழ்ப்பகுதிகளில் இழுப்பறைகளே மேல், ஏனெனில் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் பின்வரிசைக்குப் போன டப்பா பல மாதம் கண்ணிலேயே படாது. சுவர் அலமாரியின் ஆழம் 30 முதல் 35 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மேடையிலிருந்து 50 சென்டிமீட்டராவது மேலே தொடங்கினால் தலை இடிக்காது.

ப வடிவிலோ ட வடிவிலோ மேடை திரும்பும் மூலையில்தான் நான் ஏமாந்தேன். என் படத்தில் இரண்டு இழுப்பறைகள் மூலையின் இருபுறமும் அழகாகப் பொருந்தியிருந்தன. கைப்பிடியை நான் வரையவில்லை. பொருத்திய பிறகு, ஒன்றை இழுத்தால் நான்கு விரற்கடை வந்து மற்றதன் கைப்பிடியில் நின்றுவிட்டது. மூலையின் இருபுறமும் 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெற்றுப் பலகையை விட்டிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

இத்தகைய பிழைகளைக் காகிதம் காட்டாது. தரையில் சுண்ணக்கட்டியால் மேடையின் விளிம்பையும், ஒவ்வொரு கதவும் முழுதாகத் திறக்கும் வீச்சையும் வரைந்து, கையில் ஒரு பெரிய பாத்திரத்தோடு நடந்து பாருங்கள். நடைவழி ஒரு மீட்டருக்குக் குறைந்தால் திறந்த இழுப்பறைக்கும் உங்களுக்கும் சண்டைதான். சுவரின் நீளத்தைத் தரையோரம், மேடை மட்டம், தலை மட்டம் என மூன்று இடங்களில் அளந்து, மிகச் சிறிய அளவையே தச்சரிடம் கொடுங்கள். சிங்க்கை முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டு, அதனோடு வரும் வெட்டளவுத் தாளைக் கல் அறுப்பவரிடம் கொடுத்த பிறகே மேடைக் கல்லில் அறுப்பு விழ வேண்டும்.