டிகோடரில் தாமதமும் பஃபரும்: அளந்து அமைக்கும் முறை

நெட்வொர்க் வழியாக வரும் வீடியோ, அதைத் திரையில் காட்டும் படமாக மாற்றும் டிகோடரில் திணறத் தொடங்கினால் பெரும்பாலோர் முதலில் செய்வது, வரும் தரவைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பஃபரைக் கூட்டுவதுதான். என்ன காரணத்துக்காகக் கூட்டுகிறோம் என்று தெரியாமல் கூட்டினால், பழுது இருந்த இடத்திலேயே இருக்க, தாமதம் மட்டும் ஏறிவிடும். ஆகவே, எந்த அமைப்பிலும் கை வைப்பதற்கு முன் தாமதத்தை அளந்துகொள்ளுங்கள்.

கேமராவின் படத்தைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்பும் என்கோடரையும் டிகோடரையும் ஒரே அறையில் ஒரே ஸ்விட்ச்சில் இணைத்து, மில்லிவிநாடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, அதைக் கேமரா பார்க்கும்படி வையுங்கள். டிகோடரின் படம் தெரியும் திரையை அருகில் நிறுத்தி, இரண்டையும் சேர்த்துக் கைபேசியில் படம் எடுங்கள். ஒன்றில் 12.480 என்றும் மற்றொன்றில் 12.120 என்றும் இருந்தால் தாமதம் 360 மில்லிவிநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமே 40 மில்லிவிநாடி நிற்பதால், ஒரு படத்தை நம்பாமல் பத்துப் படங்களாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.

இந்த அடிப்படைத் தாமதம் கூடுதலாக இருந்தால், என்கோடரில் பி ஃபிரேம்களை (முன்பின் ஃபிரேம்களைச் சார்ந்து சுருக்கப்படுபவை) நிறுத்துவதும், தொலைக்காட்சியைக் கேம் மோடுக்கு மாற்றுவதும் அதைக் குறைக்கும்.

அடுத்தது ஜிட்டர். வீடியோவின் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் புறப்பட்டாலும் வழியில் நெரிசலைப் பொறுத்து முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வை விழுங்குவதே பஃபரின் வேலை. ஆகவே சராசரி ஜிட்டரைப் பார்த்து அளவை வைக்கக் கூடாது. நெட்வொர்க்கில் நெரிசல் மிகுந்த நேரத்தில் பதிவாகும் உச்சத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். எஸ்.ஆர்.டி. என்னும் வீடியோ அனுப்பும் நெறிமுறையைப் பயன்படுத்தினால், தொலைந்த பாக்கெட்டை மீண்டும் கேட்டுப் பெறவும் நேரம் வேண்டும் என்பதால், பாக்கெட் மறுமுனைக்குப் போய்வரும் நேரத்தைப் போல் நான்கு மடங்கு வைப்பது நல்ல தொடக்கம். போய்வர 60 மில்லிவிநாடி என்றால் 240. இரு முனைகளிலும் வெவ்வேறு மதிப்பு இருந்தால் பெரியதே நடைமுறைக்கு வரும். டிகோடரில் மட்டும் குறைத்துவிட்டு மாற்றமே இல்லையே என்று குழம்புகிறவர்கள் என்கோடரின் பக்கத்தையும் பாருங்கள்.

பஃபரால் தீராத பழுது ஒன்று உண்டு. அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஓர் அரங்கில் நேரலைப் படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துள்ளியது. கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச்சை மாற்றினோம், பயனில்லை. பஃபரை 200 மில்லிவிநாடியிலிருந்து 400 ஆக்கியதும் அது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை துள்ளத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது: என்கோடரின் கடிகாரமும் டிகோடரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. வீடியோவையும் ஒலியையும் சேர்த்து அனுப்பும் வடிவமான எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமின் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்குப் பத்து லட்சத்தில் 30 பங்கு வரை பிசகு அனுமதிக்கப்பட்டுள்ளது. கேட்கச் சிறிதுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 108 மில்லிவிநாடி ஆகிறது, 200 மில்லிவிநாடி பஃபர் இரண்டு மணி நேரத்துக்குள் வற்றிவிடும் அல்லது நிரம்பி வழியும். துள்ளல் ஒழுங்கான இடைவெளியில் வருவதும், பஃபரைக் கூட்டினால் அந்த இடைவெளி நீள்வதும் இதற்கான அடையாளம். டிகோடர் தன் கடிகாரத்தை வரும் ஸ்ட்ரீமின் பி.சி.ஆர். நேரக்குறியோடு இணைத்து ஓடும்படி அமைத்தால் இது நின்றுவிடும். டிகோடரின் வெளியீடு உள்ளூர் ஜென்லாக்கில் (எல்லாக் கருவிகளையும் ஒரே நேரச் சைகையோடு ஒத்து ஓடவைக்கும் அமைப்பு) கட்டுண்டிருந்தால், என்கோடரையும் அதே மூலக் கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பஃபரை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒலியைச் சோதியுங்கள். ஒலி டிகோடர் வழியாக வராமல் நேராக மிக்சருக்குப் போகிறதென்றால், படம் பின்தங்கிய அளவுக்கு மிக்சரிலும் தாமதம் சேர்க்க வேண்டும். ஒருவரைக் கேமரா முன் கைதட்டச் சொல்லி, கைகள் சேரும் ஃபிரேமையும் ஓசையையும் ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி 40 மில்லிவிநாடிக்கு மேல் முந்தவும் கூடாது, 60க்கு மேல் பிந்தவும் கூடாது.