ஓசிடி ஆய்வில் சுண்டெலியைப் பயன்படுத்தும் முறை

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோயான ஓசிடியை விலங்குகளில் ஆராய முற்படுபவர், சுண்டெலியின் மனத்தில் ஓடும் எண்ணத்தைக் கேட்டறிய வழியில்லை என்பதையும், அது திரும்பத் திரும்பச் செய்யும் செயலை மட்டுமே அளக்க முடியும் என்பதையும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எளிய சோதனை கோலிக்குண்டு புதைத்தல். கூண்டில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு மரத்தூள் பரப்பி, 20 கோலிகளைச் சீரான இடைவெளியில் வைத்து, சுண்டெலியை 30 நிமிடம் விட்டபின், மூன்றில் இரண்டு பங்காவது புதைந்தவற்றை எண்ணுங்கள். ஆனால் தோண்டுவது சுண்டெலியின் இயல்பு. பதற்றம் தணிக்கும் மருந்துகளும் அதைக் குறைத்துவிடுகின்றன. எனவே இதை மட்டும் வைத்து முடிவெழுதுவது சரியாகாது.

ஓசிடியை ஒத்த நடத்தையைக் காட்டும் வலுவான விலங்கு மாதிரி, 2007இல் வெளியான ஆய்வு விவரித்த, சாபாப்3 என்ற மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி. இது முன்னங்கால்களால் முகத்தை ஓயாமல் துடைத்துக்கொண்டே இருப்பதால், நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் முகத்தில் முடி உதிர்ந்து புண் உண்டாகிறது. ஓசிடி நோயாளிகளுக்குத் தரப்படும் ஃபுளுவாக்ஸெடின் என்ற மருந்தைக் கொடுத்தால் துடைப்பது குறைகிறது, மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் அந்த மரபணுவை மீண்டும் செலுத்தினாலும் குறைகிறது.

துடைக்கும் நேரத்தைக் காணொளியில் பதிவுசெய்து, எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று அறியாதவரைக் கொண்டு நொடிக்கணக்கில் அளக்கச் செய்யுங்கள். நடமாட்டத்தையும் தனியே அளப்பது கட்டாயம். மருந்தால் மயங்கிக் கிடக்கும் சுண்டெலியும் முகம் துடைக்காது. புண் ஆழமானால், நெறிமுறைக் குழு ஒப்புதலில் குறித்த எல்லைப்படி, அந்த விலங்கைச் சோதனையிலிருந்து உடனே விலக்குங்கள்.