நர்சிங் முதல் வருடம்: கல்லூரி தேடுவதிலிருந்து ட்ரிப் சொட்டுக் கணக்கு வரை

நர்சிங் சேரப்போகிறவர்களும் சரி, சேர்ந்த சில மாதங்களில் "விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடலாமா" என்று யோசிக்கிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: என்னால் முடியுமா அக்கா? முடியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள் நான். இப்போது வார்டில் வேலை பார்க்கிறேன். என்னோடு படித்தவர்களையும் எங்கள் வார்டுக்கு போஸ்டிங் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) வரும் பிள்ளைகளையும் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: அனாட்டமியும் பிசியாலஜியும் நாளடைவில் படிந்துவிடும். பிள்ளைகள் நிஜமாகவே மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். ஒன்று மருந்துக் கணக்கு, இன்னொன்று சந்தேகம் வந்தால் கேட்கத் தயங்குவது. இரண்டையும் முதல் வருடத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முதலாவது 4 வருடப் பட்டம், இரண்டாவது 3 வருடப் பட்டயம். எது கிடைக்கிறதோ, எதற்கு வீட்டில் வசதி இருக்கிறதோ, அதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

படி 1: சேரும் முன் ஆஸ்பத்திரியைப் போய்ப் பாருங்கள்

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இடங்களுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் மூன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் இரண்டின் அங்கீகாரம் உண்டா? பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா? பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் அனுப்புகிறார்கள்?

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். ஒரு வேலை நாள் காலையில் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போய் உட்காருங்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா, பிரசவ வார்டு ஓடுகிறதா, குழந்தைகள் வார்டு இருக்கிறதா? நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் நின்றாலும் கை பழகாது. கட்டடமும் பஸ்ஸும் இதற்கு அப்புறம்தான்.

ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜென்ட் யாரிடமும் கொடுக்காதீர்கள். எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் மாதம் 1000 ரூபாய்க்கான திட்டத்தில் விண்ணப்பிப்பது பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ரெக்கார்டு நோட்டுக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பணம் பெரிய உதவி.

படி 2: வாங்க வேண்டியவை

நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்று. டிஜிட்டல் வேண்டாம், போன் வேண்டவே வேண்டாம். நாடி, மூச்சு, சொட்டு எல்லாவற்றையும் ஓடும் முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் எண்ண வேண்டும். யூனிஃபார்மில் பின் குத்திக்கொள்ளும் கடிகாரம் கிடைத்தால் இன்னும் நல்லது, கை கழுவ வசதி.

ஸ்டெதஸ்கோப்பில் லிட்மன் வாங்கச் சொல்லி சீனியர்கள் ஆசை காட்டுவார்கள். முதல் வருடத்தில் தேவையில்லை. பி.பி. பார்க்கச் சாதாரண ஸ்டெத் தாராளமாகப் போதும். காதில் வைக்கும் முனை சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்குங்கள். காலையிலிருந்து மதியம் வரை நின்றுகொண்டே இருக்கப்போகிறவர்கள் நீங்கள்.

அப்புறம், பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு. வார்டில் கேட்கும் ஒவ்வொரு புது மருந்துப் பெயரையும் அதில் எழுதி, இரவில் அது எதற்கு என்று ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள்.

படி 3: தமிழ் வழியில் வந்தவர்களுக்கு

ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து பயப்படாதீர்கள். மருத்துவச் சொற்கள் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் புதிதுதான். அவற்றைத் துண்டு துண்டாகப் படியுங்கள். ஹெபட் என்று வந்தால் கல்லீரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி நீக்குவது. இப்படிச் சில துண்டுகள் கைவசம் இருந்தால் பார்க்காத வார்த்தைக்கும் பொருள் ஊகிக்கலாம்.

பாடத்தை முதலில் உங்களுக்குள் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். பிறகு விடையை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். படம் போட்டு பாகம் குறித்தால் பாதி விடை அங்கேயே வந்துவிடும். 2021-க்குப் பிறகு வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் ஆங்கிலத் தாளுக்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, மற்ற பாடங்களுக்கு 50 சதவீதம். தேர்வு எழுதக் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் க்ளினிக்கல் நாட்களை முழுமையாக, 100 சதவீதமும் முடித்தால்தான் பட்டம் கிடைக்கும். வகுப்புக்கு லீவு போடுவது போல போஸ்டிங்குக்கும் போட்டால் கடைசி வருடத்தில் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

படி 4: வார்டில் முதல் வாரம்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காலை டிபனை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் டிரெஸ்ஸிங் பார்க்கும்போது மயங்கி விழுகிறார்கள். கண் இருட்டுவது போல இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், உடனே பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடுங்கள். இரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றினால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்று அர்த்தமே இல்லை. பழகப் பழக அது போய்விடும்.

நோயாளியிடம் போனதும், "அம்மா, நான் நர்சிங் படிக்கிற பொண்ணு, உங்களுக்கு பி.பி. பார்க்கலாமா?" என்று சொல்லி ஆரம்பியுங்கள். பெயரைக் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் பாதி மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்ன பிறகு, ஐ.பி. எண்ணோடு (உள்நோயாளி எண்) ஒப்பிடுங்கள்.

பி.பி. பார்க்கும்போது நேராக ஸ்டெத்தை வைத்துவிடாதீர்கள். முதலில் மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து கஃப்பை (கையில் சுற்றும் காற்றுப் பட்டையை) ஏற்றுங்கள், நாடி மறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை இறக்கிவிட்டு, சற்றுப் பொறுத்து, இப்போது ஸ்டெத் வைத்து அந்த அளவுக்கு மேல் 30 வரை ஏற்றி, மெதுவாக, நொடிக்கு 2 அல்லது 3 என இறக்குங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல் போய்த் திரும்ப வரும். நாடியை முதலில் பார்க்காதவர்கள் அங்கே ஏமாந்துபோவார்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் 120/80-ஐ எழுதிவைக்காதீர்கள்.

படி 5: சொட்டுக் கணக்கு

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்த இடம் இது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்: என்.எஸ். (நார்மல் சலைன், உப்புக் கரைசல்) 1 பைன்ட், 8 மணி நேரத்தில். வார்டில் பைன்ட் என்றால் 500 மி.லி. பாட்டில். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்?

மொத்த மி.லி.யை ட்ரிப் செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். சூத்திரம் அவ்வளவுதான்.

500 × 20 ÷ 480 = 20.8. அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு.

அந்த 20 எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போர்டில் எப்போதும் 20 என்றே எழுதுவார்கள், நாங்களும் எழுதிக்கொள்வோம். அது ட்ரிப் செட்டின் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்: 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. என்று. 15 சொட்டு செட்டும் உண்டு. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ ட்ரிப் செட்டில் 60 சொட்டு. ஆகவே கணக்கில் இறங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இரத்தம் ஏற்றும் செட்டுக்கும் இதே விதிதான்.

அடுத்த சிக்கல் நேரம். 8 மணி நேரத்தை 480 நிமிடமாக மாற்றாமல் 8 என்றே போட்டால் 1250 வரும். நிமிடத்துக்கு 1250 சொட்டு எங்கேயும் விழாது. விடை வந்ததும் "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பெரிய தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும்.

தேர்வில் முழுச் சூத்திரத்தை எழுதுங்கள். வார்டில் சரிபார்க்க எனக்குப் பிடித்த குறுக்குவழி வேறு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்று முதலில் கண்டுபிடியுங்கள். 20 சொட்டு செட் என்றால் அதை 3-ஆல் வகுங்கள், 15 சொட்டு செட் என்றால் 4-ஆல். மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம், அதே எண்தான் சொட்டு. (60-ஐ சொட்டு எண்ணால் வகுத்துப் பாருங்கள், 3, 4, 1 எங்கிருந்து வந்தன என்று புரியும்.)

1 பைன்ட், 4 மணி நேரம், 20 சொட்டு செட்: மணிக்கு 125 மி.லி., 3-ஆல் வகுத்தால் 42 சொட்டு.

குழந்தைக்கு 100 மி.லி., 5 மணி நேரம், மைக்ரோ செட்: மணிக்கு 20 மி.லி., நிமிடத்துக்கு 20 சொட்டு.

இனி எண்ணுவது. கடிகாரத்தைச் சொட்டு விழும் அறைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள், கண் இரண்டுக்கும் நடுவே அலையக் கூடாது. 21 சொட்டு என்றால் ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒன்று. திருகியை அந்த வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும், பாத்ரூம் போய் வந்தாலும் மாறும். அதனால் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தக் கோட்டில் இருக்க வேண்டும் என்று குறித்துவிடுங்கள். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

படி 6: ஊசி மருந்தின் அளவு

வேண்டிய அளவை, கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் 150 மி.கி. வேண்டும், கையில் இருப்பது 2 மி.லி.யில் 500 மி.கி. என்றால்: 150 ÷ 500 × 2 = 0.6 மி.லி.

இதே அமிகாசின் 2 மி.லி.யில் 100 மி.கி. என்றும் வருகிறது. அதில் எடுத்தால் 3 மி.லி. வேண்டும். மருந்தின் பெயர் ஒன்று, பாட்டிலின் அளவும் ஒன்று, விடை ஐந்து மடங்கு வேறு. லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள், நேற்று படித்திருந்தாலும். ஊசியைக் கையில் எடுக்கும் முன் கணக்கை ஸ்டாஃபிடம் காட்டி, "சிஸ்டர், இதை ஒரு தடவை பாருங்க" என்று சொல்லுங்கள். சிலர் எரிந்து விழுவார்கள். விழட்டும், கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் வார்டில் கேட்கிற பிள்ளையைத்தான் நான் நம்பி விடுவேன்.

படி 7: உங்கள் உடம்பு

போஸ்டிங் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மூன்று டோஸ்: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், நேராக வெள்ளை நிறப் பெட்டிக்குள் போடுங்கள். ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று மறைத்து இரவெல்லாம் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊசி குத்துவது யாருக்கும் நடக்கும். சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒரு தங்கை, முதன்முதலாக ஒரு நோயாளி இறந்ததைப் பார்த்த பிறகு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அவர் கூடவே நின்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தங்கை, அது படிக்கிற பிள்ளை செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. உங்கள் ட்யூட்டரிடமோ ரூம் தோழியிடமோ அதைப் பற்றிப் பேசுங்கள், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சில வாரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் மனநலப் பிரிவு ஓ.பி.யில் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்சுலினை ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் 1 மி.லி.யில் 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 1 மி.லி.யில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட், நோயாளிக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 10 கோடு எடுத்தால் 4 யூனிட்தான் போகும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எடுத்த அளவை இன்னொருவரிடம் காட்டிய பிறகே போடுங்கள்.